நான்காவது அனக்லெத்தோ

சான் கயெத்தானோவில் யாரையாவது பெயர் சொல்லி விசாரித்தால் பதில் வராது. கேள்விதான் வரும்.

முப்பத்துமூன்று வருடங்களுக்கு முன்னால், மணிலா பஸ்ஸை விட்டு ஒரு துணிமூட்டையோடு இறங்கிய மினாங்கையும் அந்தக் கேள்விதான் வரவேற்றது. அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. ஞானஸ்நானப் பெயர் இலுமினாடா ரெலூசியோ. தாய் கொன்ராடாவை மணிலாவில் அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஊரார் வீட்டுத் துணிகளைத் துவைத்தே ஓய்ந்துபோன அந்தத் தாய் சாகும்போது மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஊருக்குப் போய் உன் அப்பா கல்லறையில் ஒரு மெழுகுவத்தி ஏற்று.

பஸ் நிறுத்தத்தில் பிலிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரும்மா நீ? யார் வீட்டுப் பொண்ணு?"

"அனக்லெத்தோ ரெலூசியோவோட மக."

"எந்த ரெலூசியோ?"

மினாங் விழித்தாள்.

"கேக்குறது புரியலையா? ஆந்தை ரெலூசியோவா, சுண்ணாம்பு ரெலூசியோவா, மணிக்கயிறு ரெலூசியோவா?"

அவளுக்குத் தெரியவில்லை. அம்மா வேறு ஊர்க்காரி. வாக்கப்பட்டு வந்து ஐந்தே வருடம் இந்த மண்ணில் இருந்துவிட்டு, புருஷன் போனதும் நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மணிலாவுக்குப் போனவள். வீட்டுப் பட்டப்பெயரை மகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மணிலாவில் ரெலூசியோ என்றால் அந்தத் தெருவிலேயே இவர்கள் இருவர்தான். இங்கே அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்க முடியாது.

ஏனென்றால் அந்த ஊரில் எல்லாருடைய குடும்பப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். ஸ்பெயின்காரர்கள் ஆண்ட காலத்தில், வரி வாங்கவும் ஆளை அடையாளம் பிடிக்கவும் வசதியாக, மணிலாவிலிருந்த கவர்னர் குடும்பப் பெயர்கள் அச்சடித்த ஒரு பெரிய புத்தகத்தை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பினார். பக்கத்து ஊருக்கு ஓர் எழுத்து, இந்த ஊருக்கு 'ஆர்' எழுத்து. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் குடும்பத் தலைவர்களைக் கோயில் வாசலில் நிறுத்தி ஆளுக்கொரு பெயர் கொடுத்தார்கள். வெயில் தாங்காமல் ஒன்பது பேர் புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றார்களாம். எழுதிக் களைத்துப்போன எழுத்தர், அவர்களை ஒரே குடும்பம் என்று நினைத்தாரோ, இல்லை பசிதானோ, ஒன்பது பேருக்கும் ரெலூசியோ என்றே எழுதிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த ஒன்பது பேருக்குள் ஒரு சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது. ஒருவர் சுண்ணாம்புக் காளவாய்க்காரர், ஒருவர் கோயில் மணி அடிப்பவர், ஒருவர் ஆந்தை முழிக்காரர். இன்று ஊரில் பாதிப் பேர் அவர்கள் வழிவந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ரெலூசியோ என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு எழுந்து நிற்கும். ஆகவே குடும்பப் பெயர் அரசாங்கத்துக்கு, பட்டப்பெயர் மனிதர்களுக்கு என்று ஊர் ஒரு வழி பண்ணிக்கொண்டது.

பட்டப்பெயர் இல்லாத மினாங் அந்த ஊரில் யாருமில்லாதவள். அப்பாவின் வீடு இருந்த மலையடிக் குடியிருப்பை எப்போதோ ஒரு புயல் வெள்ளம் வாரிக்கொண்டு போயிருந்தது. அங்கே இருந்தவர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள்.

வந்த நான்காம் நாள் கல்லறைத் திருநாள். நவம்பர் ஒன்றாம் தேதி ஊரே கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கும். பாய், குடை, சோற்றுப்பானை, சீட்டுக்கட்டு சகிதம் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் இறந்தவர்களோடு உட்கார்ந்திருக்கும். மினாங் கையில் ஒற்றை மெழுகுவத்தியோடு ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டே போனாள். அனக்லெத்தோ ரெலூசியோ கிடைத்தார். ஒருவர் அல்ல, நான்கு பேர். ஜூலை பதின்மூன்றில் பிறந்த ஆண்பிள்ளைக்கு அந்த நாளுக்குரிய புனிதரின் பெயரை வைப்பது வழக்கம். பாதி ஊர் ரெலூசியோவாக இருந்தால் அனக்லெத்தோ ரெலூசியோக்களுக்குப் பஞ்சம் இருக்குமா?

முதல் மூன்று கல்லறைகளைச் சுற்றிலும் குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. மதிலோரத்தில் இருந்த நான்காவதில் மட்டும் யாருமில்லை. முழங்கால் உயரம் புல். கல்லில் பெயர் இருந்தது, வருடம் உதிர்ந்திருந்தது. கல்லறைக் காவலாளி அந்தப் பக்கமாக வந்தார்.

"அது சுண்ணாம்பு வீட்டுக் கல்லறை. அவங்க ஊரைவிட்டுப் போய் எத்தனையோ காலமாச்சு. ஒருத்தரும் வர்றதில்ல" என்றார்.

மினாங் கல்லில் இருந்த பெயரை விரலால் தடவினாள். ஊரைவிட்டுப் போனவர்கள் யார்? அம்மாவும் அவளும்தானே? வராத மகள் யார்? அவள்தானே? அந்த நிமிடமே புல்லின் மேல் விழுந்து அழுதாள். வெறுங்கையால் புல்லைப் பிடுங்கினாள். அவள் கொண்டுவந்த ஒற்றை மெழுகுவத்தி அங்கே எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் குடும்பம் அவளை இலைக்கு அழைத்தது. "சுண்ணாம்பு வீட்டுப் பொண்ணு வந்துட்டாளாம்" என்ற செய்தி பொழுது சாயும் முன்பே தோட்டத்தின் மறுகோடியை எட்டிவிட்டது. அன்றைக்கு மினாங்குக்கு ஒரு தகப்பனும் ஒரு பட்டப்பெயரும் ஒருசேரக் கிடைத்தன.

அந்தப் பெயரை நம்பித்தான் ஊர் அவளுக்கு வாழ்க்கை கொடுத்தது. ஜீப்னி என்னும் பயணவண்டிகள் நிற்குமிடத்தில் பினுத்தோங் விற்க ஓர் இடம் கிடைத்தது. ஒட்டரிசியையும் தேங்காய்ப்பாலையும் வாட்டிய வாழையிலையில் பொட்டலமாகக் கட்டி அவள் வேகவைக்கும் பினுத்தோங்குக்கு முதல் ஜீப்னியின் டிரைவர்கள் காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவன் டிரைசைக்கிள் ஓட்டும் செல்சோ. அவனும் ரெலூசியோதான், ஆந்தை வீடு. கல்யாணத்துக்குப் போனபோது பங்குச்சாமியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இருவரும் ஒரே பெயராக இருக்கிறீர்களே, சொந்தமில்லை என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்.

"நான் சுண்ணாம்பு, சாமி" என்றாள் மினாங். முதல்முறையாகத் தலைநிமிர்ந்து சொன்னாள்.

"கல்யாணம் ஆகியும் கையெழுத்து மாத்த வேண்டாம் பாரு, மிச்சம்" என்று செல்சோ இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கல்யாணமான நான்காம் வருடம் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. தாத்தாவின் பெயரையே வைத்தார்கள். எட்டு நாள் இருந்தது. ஒன்பதாம் நாள் விடியும்போது மூச்சில்லை. செருப்புப்பெட்டி அளவு மரப்பெட்டியில் வைத்து, கழுத்தில் மாதா படம் போட்ட பதக்கத்தைக் கட்டி, மதிலோரக் கல்லறையில் தாத்தாவோடு சேர்த்துப் புதைத்தார்கள். தனியாகப் புதைக்க மினாங் சம்மதிக்கவில்லை. "இருட்டுல பயப்படுவான். எங்க அப்பா பார்த்துக்குவார்" என்று அவள் சொன்னபோது குழி வெட்டியவனே மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்புறம் பிள்ளை தங்கவில்லை. மினாங்குக்கு அந்தக் கல்லறைதான் பிறந்த வீடு, பிள்ளை விளையாடும் முற்றம், எல்லாம். வாரத்துக்கு ஒருமுறையாவது போய் உட்காருவாள். செல்சோ குடித்துவிட்டு வந்ததையும் பிறகு குடியை விட்டதையும், தேங்காய் விலை ஏறியதையும், கூரைத் தகரம் புயலில் பறந்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லுவாள். வருடத்துக்கு ஒருமுறை தன் கையாலேயே வெள்ளையடிப்பாள். அந்தத் தோட்டத்திலேயே பளிச்சென்ற கல்லறை அதுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது, அது ஊர் முழுக்க உள்ள வழக்கம். திருநாள் முடிந்து கிளம்பும்போது மிச்சமிருக்கும் கடைசி மெழுகுவத்தியைத் தோட்டத்து நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் ஏற்றிவிட்டுப் போகவேண்டும். தேடி வர ஆளில்லாதவர்களுக்காக. பலர் மறந்துவிட்டுப் போவார்கள். மினாங் மறந்ததில்லை. முதல் வருடம்கூட, பக்கத்துக் குடும்பம் கொடுத்த மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுத்தான் போனாள். ஆளில்லாமல் பஸ் நிறுத்தத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வருடம் மழை கொட்டியது. சுடர் நிலைக்கும்வரை குடையை அதன்மேல் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி நின்றாள். "மெழுகுவத்திக்குக் காய்ச்சல் வந்துடும் பாரு" என்று செல்சோ கிண்டல் பண்ணினான்.

இப்படி முப்பத்துமூன்று வருடம். மினாங்குக்கு ஐம்பத்தேழு வயதாகிவிட்டது.

போன அக்டோபர் மாதம், திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அவள் மட்டையும் வாளியுமாகக் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"எங்க அப்பா கல்லறைக்கு நீ எதுக்கும்மா வெள்ளையடிக்கிற?"

திரும்பினாள். எழுபதைத் தாண்டிய மனிதர். வெயிலில் கறுத்த முகம், கையில் ஓலைத்தொப்பி, கக்கத்தில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதங்கள்.

"தப்பான இடத்துக்கு வந்துட்டீங்க ஐயா" என்றாள் மினாங். "இங்க அனக்லெத்தோ ரெலூசியோ நாலு பேர். நீங்க எந்த ரெலூசியோ?"

"சுண்ணாம்பு" என்றார் அவர்.

மினாங்கின் கையிலிருந்த மட்டையிலிருந்து வெள்ளை சொட்டிச் சொட்டிப் புல்லில் விழுந்தது.

அவர் பெயர் தியோபிஸ்தோ. பன்னிரண்டு வயதில், தகப்பன் செத்த மறு வருடம், நிலம் கிடைக்கிறது என்று தாயும் தம்பி தங்கைகளுமாகக் கப்பலேறித் தெற்கே மிந்தனாவோ தீவுக்குப் போனவர். காடு வெட்டி, சோளம் விதைத்து, அங்கேயே வேர்விட்டுவிட்டார்கள். திரும்பி வரக் காசு சேர்ந்தபோதெல்லாம் ஒரு சாவோ ஒரு பிரசவமோ வந்து அதைத் தின்றுவிட்டது. அவருடைய தாய் தொண்ணூற்றாறு வயதில் ஜூன் மாதம் காலமானாள். உன் அப்பாவின் எலும்பைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போடு என்பதுதான் அவளுடைய கடைசிப் பேச்சு. அதற்காகத்தான் மூன்று நாள் பயணம் செய்து வந்திருக்கிறார்.

மினாங்குக்கு ஒன்று மட்டும் விளங்கியது. இந்த மனிதர் சொல்வது உண்மையானால் அப்பாவும் போவார், பிள்ளையும் போவான்.

இருவரும் பங்கு அலுவலகத்தில் போய் நின்றார்கள். அங்கே பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவள் நெமேசியா. ஊரில் சிறியவர்களெல்லாம் மனாய், அதாவது அக்கா, என்று கூப்பிடும் கனத்த சரீரக்காரி.

"உசுரோட இருக்கிற ரெலூசியோங்க பஞ்சாயத்தே எனக்கு முடியல. இப்ப செத்தவரையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றபடி கறையான் அரித்த ஒரு பதிவேட்டைத் தூசி தட்டினாள்.

விரல் வரிவரியாக இறங்கியது. எல்லாம் 'ஆர்' எழுத்துப் பெயர்கள். ஒரு வரியில் விரல் நின்றது.

"மினாங், உங்க அம்மா பேரு என்ன?"

"கொன்ராடா பாஞாரெஸ்."

அந்தப் பக்கம் முழுக்க வேறு எழுத்தில் தொடங்கும் ஒரே பெயர் அதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருடம் இறந்த அனக்லெத்தோ ரெலூசியோ, மனைவி கொன்ராடா பாஞாரெஸ், ஒரு மகள். நெமேசியாவின் குரல் தணிந்தது. ஓரத்தில் வேறு மையில் எழுதியிருந்ததையும் படித்தாள். மலையடிக் குடியிருப்பை வாரிக்கொண்டு போன அதே வெள்ளத்தில் கீழ் வரிசைக் கல்லறைகள் பெயர்ந்துபோனதால், கேட்டு வர ஆளில்லாத பதினேழு பேரின் எலும்புகள் பெரிய சிலுவையடிப் பொதுக்குழிக்கு மாற்றப்பட்டன. மினாங்கின் தகப்பன் பதினோராவது ஆள். பெயருக்கு நேரே பட்டப்பெயரும் இருந்தது. 'பிந்தி வந்தவர்கள்.'

"புளியமரத்தடிக்குக் கடைசியா ஓடி வந்தாராமே ஒன்பதாவது ஆள். அந்த வீடு" என்றாள் நெமேசியா. "அந்த வீட்ல ஒருத்தரும் மிஞ்சலன்னுல்ல நெனச்சேன்."

மினாங் பதிவேட்டை மூடினாள். படார் என்று மூடியதில் கறையான் மண் பறந்தது.

"புஸ்தகம் பொய் சொல்லும். ஒன்பது பேருக்கு ஒரே பேரை எழுதினதும் ஒரு புஸ்தகம்தானே?"

தியோபிஸ்தோ சத்தம் போடவில்லை. "தோண்டிப் பார்த்துடலாம்மா. எங்க அப்பாவுக்குக் காளவாய்ல விழுந்து இடது தொடை ஒடைஞ்சு கோணலாத்தான் கூடுச்சு. அவரோட பித்தளைச் சுண்ணாம்பு டப்பியை என் கையாலதான் சட்டைப்பைக்குள்ள வெச்சேன். அது இல்லேன்னா நான் தொப்பியை எடுத்துட்டுக் கிளம்பிடுறேன்."

சாயங்காலம் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஊறவைத்த ஒட்டரிசி அப்படியே கிடந்தது. மினாங் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முப்பத்துமூன்று வருடம் யாரோ ஒருவருடைய தகப்பனிடம் போய் அழுதிருக்கிறாள். பெற்ற தகப்பன் ஒரு குச்சி வெளிச்சம் இல்லாமல் கிடந்திருக்கிறார். சொந்த மகள் கூப்பிடு தூரத்தில் இன்னொருவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். இந்த நினைப்பு நெஞ்சை அறுத்தது.

செல்சோ அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நான் சுண்ணாம்பு வீட்டுப் பொண்ணுன்னுதானே நீ என்னைக் கட்டின?" என்றாள்.

"நான் பினுத்தோங்குக்காகத்தான் கட்டினேன்."

அவள் சிரிக்கவில்லை. அவன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "நாளைக்குத் தோண்டட்டும், மினாங். எது வந்தாலும் நான் உன் பக்கத்துலயே நிப்பேன். நம்ம புள்ளை இருக்கான்ல அங்க. அவனைப் பார்க்க நாமதானே போகணும்?"

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். காவலாளி இக்கோ, பழைய காவலாளியின் மகன், மெதுவாக மண்ணை எடுத்தான். முழங்கால் ஆழத்துக்குப் பிறகு மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே அள்ளினான். முதலில் தொடை எலும்பு தெரிந்தது. நடுவில் முடிச்சுப் போட்டதுபோல் கோணிக் கூடியிருந்தது. அப்புறம் விலா எலும்புகள். அவற்றின் பக்கத்தில் பச்சை பூத்த ஒரு சிறிய பித்தளை டப்பி.

தியோபிஸ்தோ மண்டியிட்டார். டப்பியைச் சட்டையில் துடைத்துத் திறந்தார். உள்ளே சுண்ணாம்பு கல்லாக இறுகியிருந்தது. எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் பன்னிரண்டு வயதுப் பையனைப்போல் வாய்விட்டு அழுதார்.

மினாங் அழவில்லை. செல்சோவின் கையை மட்டும் இறுகப் பிடித்திருந்தாள். கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை. அவர் கொண்டுவந்த வெள்ளைத் துணி புல்லின்மேல் விரித்துக் கிடந்தது. எலும்புகளை அடுக்க வேண்டியதுதான் பாக்கி.

இக்கோ விலா எலும்புகளுக்குள் கையை விட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மனாய் மினாங்... இது..."

மரப்பெட்டி எப்போதோ மக்கி உள்ளே இறங்கியிருந்தது. பெரியவரின் விலா எலும்புகளுக்கு நடுவில், நெஞ்சு இருந்த இடத்தில், மாதா பதக்கம் கிடந்தது. அதைச் சுற்றி, தொட்டால் பொடிந்துவிடும்போல், ஈர்க்குச்சி கனத்தில் சில சின்ன எலும்புகள். மிச்சமெல்லாம் மண். எது பிள்ளையின் மண், எது பெரியவரின் மண் என்று பிரிக்க யாராலும் முடியாது. பெரியவரின் இடது கை எலும்பு அந்தப் பதக்கத்துக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைக்கிறவர் கையைப்போல.

"யார் இது?" என்றார் தியோபிஸ்தோ.

செல்சோதான் சொன்னான். "எங்க பையன், ஐயா. எட்டு நாள் இருந்தான். தாத்தாகிட்ட வெச்சா பயப்பட மாட்டான்னு இவதான் இங்க வைக்கச் சொன்னா. உங்களுக்குச் செய்யணும்னு செஞ்ச கெடுதல் இல்லை. தெரியாமப் போச்சு."

தூரத்தில் மயோன் மலையின் தலையை மேகம் மூடித் திறந்தது. தியோபிஸ்தோ குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பளிச்சென்றிருந்த கல்லைப் பார்த்தார். காய்ப்புக் காய்த்த மினாங்கின் கையில் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்தார்.

"கப்பல்ல வர்றப்போ ஒரே ஒரு பயம்தான்" என்றார். "புல்லு மூடி, கல்லே இருக்காதுன்னு நெனச்சேன். அறுபது வருஷமா எங்க வீட்ல ஒருத்தரும் வரல. வந்து பார்த்தா தோட்டத்துலயே வெள்ளையா நிக்கிறது எங்க அப்பா கல்லறை. அதுக்குத்தான் எனக்கு நேத்து கோவம். நாங்க செய்யாததை யாரோ செஞ்சுட்டாங்களேன்னு."

"நான் என் அப்பான்னு நெனச்சுத்தான் செஞ்சேன்" என்றாள் மினாங் மெல்ல. "எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லிட்டேன். சொல்லக் கூடாததையும்."

"கேட்டுட்டுத்தான் இருந்திருப்பார். உசுரோட இருந்தப்போ யார் பேச்சையும் கேக்காத மனுஷன். இப்பவாவது எழுந்து போக முடியாம கேட்டாரே."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மினாங்குக்குப் புரையேறியது. தியோபிஸ்தோ விரித்த வெள்ளைத் துணியை எடுத்தார். எலும்பை எடுப்பதற்காக அல்ல. குழியில் இறங்கி, தகப்பனையும் அவர் நெஞ்சில் கிடந்த பிள்ளையையும் சேர்த்து, பிள்ளைக்குப் போர்த்துவதுபோல் விளிம்பை மடித்து மடித்துப் போர்த்தினார்.

"ஐயா, உங்க அம்மா..."

"டப்பி போதும். ஒரு பிடி மண்ணும் எடுத்துக்கிறேன். ஏன்டா அப்பனை விட்டுட்டு வந்தேன்னு அம்மா சண்டைக்கு வந்தா, மார்ல பேரப்பிள்ளை தூங்குது, எழுப்ப மனசு வரலன்னு சொல்லிக்கிறேன்." மேலே ஏறுவதற்குக் கையை நீட்டினார். "தூக்கிவிடு தங்கச்சி. முட்டி வலிக்குது."

மினாங் கை கொடுத்தாள். அந்த ஊரில் அண்ணனை மனோய் என்று கூப்பிடுவார்கள். வாழ்நாளில் அவள் யாரையும் அப்படி உரிமையோடு கூப்பிட்டதில்லை.

"பார்த்து ஏறுங்க, மனோய்" என்றாள்.

அவர் கப்பலைத் திருநாளுக்குப் பிறகு என்று தள்ளிப் போட்டுவிட்டு அவர்கள் வீட்டிலேயே தங்கினார். மூன்று நாளில் செல்சோவின் டிரைசைக்கிளுக்கு பிரேக் சரிபார்த்தார், கோழிக்கூண்டு கட்டினார், பினுத்தோங்கில் உப்பு போதாது என்று சொல்லி மினாங்கிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

திருநாள் காலையில் கோயில் வாசலில் நெமேசியா மேஜை போட்டு, பூசையில் வாசிக்க வேண்டிய இறந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். மினாங்கின் முறை வந்தது.

"அனக்லெத்தோ ரெலூசியோ" என்றாள்.

நெமேசியா பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்க அவளுக்கே தயக்கமாக இருந்தது.

"எந்த ரெலூசியோன்னு போடட்டும்?"

"மூணு பேர் எழுதிக்கோ, மனாய். ஒருத்தர் சுண்ணாம்பு. ஒருத்தர் பிந்தி வந்தவங்க." கொஞ்சம் யோசித்தாள். "மூணாவது சின்னவன். அவன் அப்பா ஆந்தை. ஆனா வளர்ந்தது சுண்ணாம்பு வீட்ல. ரெண்டையும் போடு."

பின்னால் நின்ற செல்சோ, "நல்லவேளை, முழி அவங்கம்மா மாதிரி" என்றான்.

பகல் முழுக்க மதிலோரக் கல்லறையில்தான் இருந்தார்கள். தியோபிஸ்தோ சீட்டாட்டத்தில் ஏமாற்றினார். பக்கத்துக் குடும்பங்களெல்லாம் வந்து மிந்தனாவோ கதை கேட்டன. பொழுது சாயும் நேரத்தில் மினாங் பையைத் திறந்தாள். கடைசி மெழுகுவத்தி, கடைசிப் பினுத்தோங் பொட்டலம். இரண்டையும் எடுத்துக்கொண்டு தனியாகப் பெரிய சிலுவையை நோக்கி நடந்தாள்.

இத்தனை வருடமும் போன அதே வழி. ஆனால் இன்றைக்குக் கால் பின்னியது. இவ்வளவு நாள் கழித்து என்ன முகத்தோடு போய் நிற்பது? மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா, நான் ஒருநாளும் உங்களுக்கு...

சிலுவையடியை எட்டியதும் நின்றுவிட்டாள். கல் மேடையில் மெழுகு உருகி உருகி அடுக்கடுக்காக இறுகிக் கிடந்தது. வருடத்துக்கு ஓர் அடுக்கு. சிலுவையின் வலதுபக்கம், காற்று படாத மூலை. அவள் எப்போதும் ஏற்றும் இடம். அங்கே மெழுகு ஒரு கை உயரத்துக்கு மேடு கட்டியிருந்தது. மழை கொட்டிய வருடம் குடை பிடித்துக்கொண்டு நின்றது இதே இடத்தில்தான். தேடி வர ஆளில்லாத யாரோ பாவம் என்று நினைத்து நனைந்தாளே, அந்த யாரோ யார்?

ஒரு வருடம்கூடத் தவறவில்லை. முப்பத்துமூன்று மெழுகுவத்தி. தெரியாமல் ஏற்றியது, ஆனால் மறக்காமல் ஏற்றியது.

மினாங் அந்த மெழுகு மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பகல் வெயிலில் அது இன்னும் கதகதப்பாக இருந்தது. நான்கு வயதில் ஏறிச் சவாரி போன முதுகின் சூடு மட்டும்தான் அப்பாவைப் பற்றி அவளுக்கு இருந்த ஒரே ஞாபகம். அவள் மெழுகுவத்தியை ஏற்றி ஊன்றினாள். இந்தத் தடவை ஏற்றிவிட்டுக் கிளம்பவில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை மேடையில் வைத்தாள், பாதியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கல்லில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான்தான் மினாங்" என்றாள். "பிந்திதான் வந்தேன்."

சுடர் ஒருமுறை ஆடி நிமிர்ந்தது. அவளுக்கு அவசரமில்லை. மணிலா பஸ்ஸை விட்டு இறங்கிய நாளிலிருந்து எல்லாவற்றையும் இவருக்கு மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது.